பிளக் பாயின்ட் கருகியும் எம்சிபி விழவில்லை: ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் உதவுமா?

புதுஒயரிங் எழுதியது:

வணக்கம். வீட்டு ஒயரிங்கை முழுக்க மாற்றப் போகிறோம். பழைய போர்டுகளைக் கழற்றியபோது ஒரு பவர் பிளக் பாயின்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நியூட்ரல் ஒயரின் நுனியிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்துக்கு இன்சுலேஷன் கருகி, தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது. சாக்கெட்டின் உட்புறம் பழுப்பேறி, ஒரு மூலை உருகி வழிந்திருக்கிறது. அந்த லைனில் 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை வெட்டும் ஸ்விட்ச்) இருக்கிறது. ஒருநாளும் விழுந்ததில்லை. மெயினில், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் வெட்டும் ஆர்சிசிபியும் இருக்கிறது. அதுவும் அசையவில்லை.

தேடிப் பார்த்ததில், ஒயரில் கரண்ட் பொறியாகத் தாவினால் லைனை வெட்டும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. சில நாடுகளில் ஏஎஃப்சிஐ என்கிறார்கள், சில நாடுகளில் ஏஎஃப்டிடி. எங்கள் எலக்ட்ரீஷியனோ எம்சிபியும் ஆர்சிசிபியும் இருந்தால் போதும் என்கிறார். இருந்த இரண்டும் இதைக் கோட்டை விட்டது எப்படி? மூன்றாவதாக இதையும் வைத்தால் அது பிடித்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செம்புக்கம்பி எழுதியது:

உங்கள் எம்சிபி மேல் பழி போட வேண்டாம். அதற்குக் கொடுத்த வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்த வேலையில் இது சேராது, அவ்வளவுதான்.

எம்சிபிக்குள் இரண்டே பகுதிகள்தான் காவலுக்கு. ஒன்று, சூடேறினால் வளைகிற இரட்டை உலோகத் தகடு. ஓவர்லோடை அது பார்த்துக்கொள்ளும். இன்னொன்று மின்காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். 16 ஆம்பியர் எம்சிபியில் தகடு கட்டாயம் விழவேண்டிய அளவு 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் சுமார். அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் தரவிதி. சி வகை எம்சிபியாக இருந்தால் சுருள் இழுக்க 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும்.

இப்போது உங்கள் பாயின்ட்டுக்கு வாருங்கள். நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ். 2000 வாட் ஹீட்டர் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். அந்த லூஸ் முனை கொஞ்சம் விலகும்போது, இடைவெளியில் கரண்ட் பொறியாகத் தாவுகிறது. அதுதான் ஆர்க், மின்வில். அந்த ஆர்க் ஹீட்டரோடு வரிசையில் இருக்கிறது. ஹீட்டர் அனுமதிக்கும் 8.7 ஆம்பியருக்கு மேல் ஒரு துளிகூட அதில் பாயாது. சொல்லப்போனால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எம்சிபி பார்க்கிற கணக்கில் எல்லாம் நலம்.

ஆனால் அந்த இடைவெளியில் 20 வோல்ட் விழுகிறது என்று வையுங்கள். 20 பெருக்கல் 8.7, கிட்டத்தட்ட 170 வாட். ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தில் 170 வாட். ஆர்க்கின் நடுவில் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. பக்கத்தில் இருக்கிற பிவிசி இன்சுலேஷனோ 70 டிகிரிக்கு என்று செய்தது. இதைத்தான் சீரிஸ் ஆர்க் என்கிறோம். ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் உருவானதே முக்கியமாக இதற்காகத்தான்.

இன்னொரு வகை பேரலல் ஆர்க். சுவரில் ஆணி அடிக்கும்போது உள்ளே போகும் கேபிளில் இறங்கியிருக்கும், எலி கடித்திருக்கும், கட்டில் கால் எக்ஸ்டென்ஷன் ஒயரை நசுக்கியிருக்கும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கரண்ட் தாவும். இதில் கரண்ட் அதிகம்தான், ஆனால் விட்டு விட்டு வரும். ஒரு அரைச்சுற்று பாயும், அடுத்த இரண்டு அரைச்சுற்று ஒன்றும் இருக்காது, அப்புறம் மறுபடி. ஒயர் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் அதன் மின்தடையே கரண்ட்டைச் சுருளின் அளவுக்குக் கீழே பிடித்துவைத்துவிடும். தகடு சூடேறவும் நேரம் கிடைக்காது. அதற்குள் உருகிய செம்புத் துளிகள் தெறித்து மெத்தையிலோ திரைச்சீலையிலோ விழுந்திருக்கும்.

---

ஏன்எதற்கு எழுதியது:

சரி, எம்சிபி விஷயம் புரிகிறது. ஆர்சிசிபி எதற்குச் சும்மா இருந்தது? 30 மில்லியாம்பியருக்கே விழுகிற சாதனமாயிற்றே?

---

செம்புக்கம்பி எழுதியது:

ஆர்சிசிபி ஒரே ஒரு கணக்குத்தான் போடுகிறது. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வந்ததா இல்லையா. சீரிஸ் ஆர்க்கில் போனது அப்படியே திரும்பி வருகிறது. பேஸ்-நியூட்ரல் ஆர்க்கிலும் அப்படித்தான். எர்த்துக்குக் கசிந்தால் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அதற்காக ஆர்சிசிபி தீத்தடுப்பில் உதவாது என்று நினைத்துவிட வேண்டாம். ஈரத்தாலோ தூசியாலோ எர்த்துக்குக் கசிவு போய், அந்தப் பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகி ஆர்க்காக மாறுவது உண்டு. அதை அது ஆரம்பத்திலேயே வெட்டிவிடும். மரவேலைக் கூடம், வைக்கோல் போர் போன்ற தீ அபாயம் உள்ள இடங்களில் 300 மில்லியாம்பியர் ஆர்சிடியை (ஆர்சிசிபி போன்ற கசிவுக் காவல் சாதனம்) தீத்தடுப்புக்காகவே வைக்கச் சொல்லும் விதிகள் உண்டு. உங்கள் பாயின்ட்டில் எர்த் ஒயர் கருகிய இடத்தை ஒட்டிப் போயிருந்தால் அது என்றைக்காவது விழுந்திருக்கும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் நியூட்ரல் மட்டும் தனியாகக் கருகினால் அதற்கு வழியில்லை.

---

அலைவடிவம் எழுதியது:

செம்புக்கம்பி அண்ணா சொன்னதோடு, ஆர்க் பிரேக்கர் இதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது என்பதைச் சேர்க்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஆர்க் அலைவடிவங்களோடுதான் என் பொழுது போகிறது.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கரண்ட் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. ஆர்க் எரிந்துகொண்டிருக்க ஒரு குறைந்தபட்ச வோல்ட்டேஜ் வேண்டும். பூஜ்யத்தை நெருங்கும்போது அது கிடைக்காமல் அணைந்துவிடும். மறுபக்கம் வோல்ட்டேஜ் ஏறியதும் மறுபடி பற்றிக்கொள்ளும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் அழகான சைன் அலை, பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் தோள் போலத் தட்டையாகிவிடும். அங்கே ஒரு சின்னத் தட்டை, உடனே செங்குத்தாக ஓர் ஏற்றம். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் அந்தத் தட்டையின் அகலம் மாறிக்கொண்டே இருக்கும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இதுதான் முதல் அடையாளம்.

இரண்டாவது, ஆர்க் எரியும்போது கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மெகாஹெர்ட்ஸ் வரை பரந்த அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். பழைய ரேடியோவைப் பக்கத்தில் வைத்து ஸ்விட்ச் போட்டால் கரகரவென்று கேட்குமே, அதே இரைச்சல்தான். அதுவும் பூஜ்யத்தின் அருகில் நின்று, பிறகு மறுபடி தொடங்கும். பிரேக்கருக்குள் இருக்கும் நுண்செயலி இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. சத்தமான கூட்டத்தில் தன் குழந்தையின் அழுகுரலைத் தாய் பிரித்தறிவது போன்ற வேலை அது. ஏனென்றால் ட்ரில், மிக்ஸி, வேக்யூம் கிளீனர் இவற்றின் மோட்டாருக்குள்ளும் கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. டிம்மர் ஒவ்வொரு அரைச்சுற்றையும் வெட்டுகிறது. இவை ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும். கெட்ட ஆர்க் சீரில்லாமல் வரும். அந்தச் சீரின்மையைத்தான் தேடுகிறது.

எவ்வளவு நேரத்தில் வெட்ட வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2013-இல் வந்த ஐஇசி 62606 தரவிதிப்படி, 230 வோல்ட்டில் ஆர்க் கரண்ட் 2.5 ஆம்பியர் என்றால் 1 வினாடிக்குள், 5 ஆம்பியருக்கு அரை வினாடி, 10-க்கு கால் வினாடி, 16-க்கு 0.15 வினாடி. கரண்ட் கூடக் கூட நேரம் குறைகிறது, ஏனென்றால் தீப்பிடிக்கத் தேவையான சூடு சீக்கிரம் சேர்ந்துவிடும். பேரலல் ஆர்க் விட்டு விட்டு வருவதால் அதற்கு நேரக் கணக்கு ஒத்துவராது. அரை வினாடிக்குள் எத்தனை அரைச்சுற்றுகளில் ஆர்க் வந்தது என்று எண்ணுகிறது. 75 ஆம்பியரில் 12, 100-இல் 10, 150-இலும் அதற்கு மேலும் 8.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். 2.5 ஆம்பியருக்குக் கீழே சீரிஸ் ஆர்க்கைப் பிடித்தாக வேண்டும் என்று விதி கேட்கவில்லை. ஒற்றை எல்இடி விளக்கின் லைனில் லூஸ் கனெக்ஷன் இருந்தால் அது சத்தம் போடும், விளக்கு மினுக்கும், பிரேக்கர் பேசாமல் இருக்கலாம். அந்தச் சிறு கரண்ட்டில் சேரும் சூடும் குறைவு.

---

பழையபோர்டு எழுதியது:

தம்பிமார்களே, ஆஸிலாஸ்கோப் எல்லாம் சரி. நான் பல வருஷமாக ஒயரிங் வேலையில் இருப்பவன். என் அனுபவத்தில் கருகிய பாயின்ட் நூற்றுக்குத் தொண்ணூறு லூஸ் ஸ்க்ரூதான். ஒழுங்காக முறுக்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. ஆர்க் பிரேக்கர் வைத்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். தையல் மெஷினைப் போட்டால் விழுகிறது, ட்ரெட்மில்லைப் போட்டால் விழுகிறது. வீட்டுக்காரர் பொறுமை இழந்து, கழற்றிவிட்டுச் சாதாரண எம்சிபியைப் போடச் சொல்கிறார். காரணமில்லாமல் விழுகிற காவலை யார் வைத்துக்கொள்வார்கள்? கையில் இருக்கும் காசை நல்ல சாக்கெட்டுக்கும் நல்ல ஒயருக்கும் செலவு செய்யச் சொல்வேன்.

---

அலைவடிவம் எழுதியது:

ஐயா, உங்கள் குறை நியாயமானது. முதல் தலைமுறை சாதனங்கள் வீண் ட்ரிப்புக்குப் பேர் வாங்கினவைதான்.

இதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அங்கே தேசிய மின் விதித்தொகுப்பின் 1999 பதிப்பு படுக்கையறை சாக்கெட்டுகளுக்கு இதைக் கேட்டது. 2002 ஜனவரி 1 முதல் கட்டாயம். அப்போது வந்தவை பெரும்பாலும் 75 ஆம்பியருக்கு மேலான பேரலல் ஆர்க்கை மட்டுமே பார்த்தன. சீரிஸ் ஆர்க்கை 5 ஆம்பியரிலிருந்தே பார்க்கிற காம்பினேஷன் வகையை 2005 பதிப்பு கேட்டு, 2008-இலிருந்து அமலானது. காம்பினேஷன் என்ற பெயரைப் பார்த்து ஷாக் பாதுகாப்பும் உள்ளே இருக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது, அது தனி.

இப்போதைய தரவிதிகளில் வீண் ட்ரிப்புக்கென்றே சோதனைகள் இருக்கின்றன. வேக்யூம் கிளீனர், ட்ரில், டிம்மர், எலக்ட்ரானிக் பவர் சப்ளை இவற்றை ஓடவிட்டு, விழாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிடக் கடினமான சோதனை, அதே கருவிகள் ஓடும்போது நிஜ ஆர்க்கை உண்டாக்கி, அந்த இரைச்சலுக்கு நடுவிலும் விழுகிறதா என்று பார்ப்பது. இரண்டையும் தாண்டினால்தான் தரச்சான்று.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தையல் மெஷினுக்கு விழுந்த வீடுகளில், அந்த மெஷினின் கார்பன் பிரஷையும் பெடலுக்குப் போகும் ஒயரையும் யாராவது திறந்து பார்த்தார்களா? பிரஷ் தேய்ந்து ஸ்ப்ரிங் தளர்ந்தால் பொறி சீரில்லாமல் வரும். பெடல் ஒயர் தினமும் மடங்கி மடங்கி உள்ளே இழைகள் அறுந்திருக்கும். காரணம் கண்ணுக்குத் தெரியாத ட்ரிப்பெல்லாம் வீண் ட்ரிப் ஆகிவிடாது.

---

பழையபோர்டு எழுதியது:

பெடல் ஒயரை நான் பார்க்கவில்லை, அம்மா. போர்டை மட்டும்தான் பார்த்தேன். அந்தக் கேள்வியில் பொருள் இருக்கிறது. ஆனால் ஸ்க்ரூ விஷயத்தில் என் பேச்சு மாறாது.

---

கரிப்பாதை எழுதியது:

நான் மின்தீ விபத்துகளில் மிஞ்சிய பொருட்களை ஆராயும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பழையபோர்டு ஐயாவின் பக்கம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த இழையின் முதல் கேள்விக்கும் அதுதான் நேரான பதில்.

புதுஒயரிங் விவரித்த அடையாளம், அதாவது ஸ்க்ரூ முனையில் தொடங்கி ஒயர் வழியே மெதுவாகப் பின்னால் போன கருகல், அது பெரும்பாலும் ஆர்க்கில் தொடங்குவதில்லை. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அது சாதாரணக் காற்றில் தானாகத் தாவுவதற்குத் தேவையான அளவைக்கூடச் சரியாக எட்டுவதில்லை. முனைகள் தொட்டுப் பிரிய வேண்டும், அல்லது நடுவே கரி படிந்த பாதை இருக்க வேண்டும். அதற்கு முன்பே நடப்பது வேறு.

லூஸ் ஸ்க்ரூவில் செம்பு ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். லோடு போடும்போது அந்தப் புள்ளி சூடாகும், எடுக்கும்போது ஆறும். சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் கொஞ்சம் தளரும். அந்தப் புள்ளியில் செம்பு காற்றோடு சேர்ந்து குப்ரஸ் ஆக்சைடாக மாறும். இதற்கு ஒரு வினோத குணம் உண்டு. உலோகத்தில் சூடேறினால் மின்தடை கூடும், இதில் குறையும். அதனால் கரண்ட் முழுக்க அந்தச் சூடான மெல்லிய இழை வழியாகவே ஓடத் தொடங்கும். செந்தணலாக ஒளிரும். ஆய்வகத்தில் இருட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஒயர்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புழு நெளிவது போல அந்த இழை நகரும், நகர்ந்த இடத்திலெல்லாம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சைடாக்கிக்கொண்டே போகும். பொறி இல்லை, சத்தமும் அவ்வளவாக இல்லை.

இதில் விழும் வோல்ட்டேஜ் சில வோல்ட்தான். 10 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் என்றால் 30 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, அது மணிக்கணக்காக ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். பூஜ்யத்தின் அருகே தோள் இல்லை, மெகாஹெர்ட்ஸ் இரைச்சல் இல்லை. ஆர்க் பிரேக்கர் தேடும் எந்த அடையாளமும் இதில் கிடையாது. எம்சிபி, ஆர்சிசிபி, ஏஎஃப்டிடி மூன்றுமே இந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்த கட்டத்தில்தான் ஆர்க் பிரேக்கருக்கு வேலை வருகிறது. பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், மிச்சம் கரியாகும். கரி கரண்ட்டைக் கடத்தும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கரிப்பாதை சேர்ந்ததும் அதன் மேல் ஆர்க் ஓடத் தொடங்கும். அல்லது ஒயர் அறுந்து முனைகள் தொட்டுப் பிரியும். சுடர் பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது. உங்கள் பாயின்ட்டில் ஏஎஃப்டிடி இருந்திருந்தால் கருகலைத் தடுத்திருக்காது. கருகல் ஆர்க்காக மாறும் நொடியில் வெட்டியிருக்கும். இந்த வேறுபாட்டை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நான் அழுத்திச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்து இந்தச் சாதனம் தன் முழுப் பலனையும் காட்டுவது ஸ்க்ரூடிரைவர் போய்ச் சேராத இடங்களில்தான். சுவருக்குள் ஆணி இறங்கிய கேபிள், கார்ப்பெட்டுக்கு அடியில் போன ஒயர், கதவு இடுக்கில் நசுங்கிய சார்ஜர் கேபிள், தினமும் இழுத்து இழுத்து பிளக்கின் கழுத்தில் இழைகள் அறுந்த இஸ்திரிப் பெட்டி ஒயர். இவற்றை எந்த எலக்ட்ரீஷியனும் வந்து முறுக்கிவிட்டுப் போக முடியாது.

---

பழையபோர்டு எழுதியது:

இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். முறுக்குவது என் வேலை, முறுக்க முடியாததை அது பார்க்கட்டும்.

ஸ்க்ரூ பற்றி இளையவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெறும் பலத்தால் முறுக்குவது முறுக்குவதில்லை. பிரேக்கர் மேலேயே நியூட்டன் மீட்டரில் எழுதியிருக்கும், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்து அந்த அளவுக்கு முறுக்குங்கள். பல இழை ஒயருக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போடுங்கள். ஈயம் வைத்து முனையைக் கெட்டியாக்கி ஸ்க்ரூவில் கொடுக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், ஆறு மாதத்தில் லூஸாகிவிடும். அலுமினிய ஒயர் இருக்கும் பழைய வீடு என்றால் அதற்கென்று செய்த கனெக்டர்தான். செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்கினால் பிரச்சினையைக் கூப்பிட்டு உட்கார வைத்ததாகிவிடும்.

---

புதுஒயரிங் எழுதியது:

இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. எல்லா லைனுக்கும் வைக்க வேண்டுமா, சிலவற்றுக்கு மட்டும் போதுமா? வைப்பதென்றால் எங்கே முதலில்?

---

செம்புக்கம்பி எழுதியது:

ஆட்கள் தூங்கும் அறைகளின் சாக்கெட் லைன்கள் முதலில். தூக்கத்தில் வாடை தெரியாது, மெத்தை, துணி எல்லாம் பக்கத்திலேயே. அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஹால் லைன். மரச்சுவர், மரத்தளம் உள்ள வீடு என்றால் எல்லா லைனும்.

நாடுகளும் இப்படித்தான் யோசித்திருக்கின்றன. அமெரிக்கா படுக்கையறையில் தொடங்கி, 2008 பதிப்பில் ஹால், சாப்பாட்டு அறை என்று விரித்து, 2014-இல் சமையலறையையும் துணி துவைக்கும் இடத்தையும் சேர்த்தது. பிரிட்டனில் பிஎஸ் 7671 விதியின் 2022 திருத்தம், அபாயம் கூடிய உயரமான குடியிருப்புக் கட்டடங்கள், பலர் பகிர்ந்து வாழும் வீடுகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் இவற்றில் 32 ஆம்பியர் வரையிலான சாக்கெட் லைன்களுக்குக் கட்டாயமாக்கியது. மற்ற வீடுகளுக்குப் பரிந்துரை மட்டும். ஜெர்மனி 2016-இல் சில இடங்களுக்குக் கட்டாயமாக்கி, 2019-இல் அபாயத்தை ஆராய்ந்து முடிவெடுங்கள் என்று மாற்றிக்கொண்டது. ஆக வல்லுநர்களுக்குள்ளேயே எங்கே, எவ்வளவு என்பதில் ஒரே கருத்து இல்லை. என் கருத்தைக் கேட்டால், ஒயரிங்கைப் புதிதாகச் செய்யும்போது டிபி பாக்ஸில் (பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் பெட்டி) இடம் விட்டுவையுங்கள், தூங்கும் அறைகளுக்கு இப்போதே போடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அது தனக்குக் கீழே இருக்கும் லைனை மட்டும்தான் வெட்டும். மீட்டரிலிருந்து டிபி வரை வரும் ஒயரிலோ மெயின் ஸ்விட்ச்சின் முனையிலோ பொறி வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த முனைகளை ஐயா சொன்னபடி டார்க் பார்த்து முறுக்குவதும், முழு லோடு ஓடும்போது தெர்மல் கேமராவில் ஒருமுறை பார்ப்பதும்தான் வழி.

---

மூன்றாம்மாடி எழுதியது:

எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. படுக்கையறை லைன் வாரத்தில் ஓரிரு முறை விழுகிறது. எப்போது என்று கணிக்க முடியவில்லை. எங்கே தேடுவது?

---

கரிப்பாதை எழுதியது:

முதலில் எந்தக் காரணத்துக்காக விழுந்தது என்று பாருங்கள். பல மாடல்களில் சின்ன விளக்கின் நிறமோ மினுக்கும் எண்ணிக்கையோ சீரிஸ் ஆர்க்கா, பேரலல் ஆர்க்கா, அதிக வோல்ட்டேஜா என்று சொல்லிவிடும். கையேட்டில் அட்டவணை இருக்கும். ரீசெட் செய்வதற்கு முன்பே பாருங்கள், சிலவற்றில் அதன் பிறகு தகவல் அழிந்துவிடும்.

அப்புறம் அந்த லைனில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். வெறும் ஒயரிங்கோடு சில நாள் விடுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். விழாவிட்டால் ஒவ்வொரு கருவியாகச் சேருங்கள். சீரிஸ் ஆர்க் வர லோடு ஓட வேண்டும். வெறுமனே செருகி வைத்தால் தெரியாது. ஹீட்டரையோ இஸ்திரிப் பெட்டியையோ ஓடவிட்டு ஒயரைப் பிளக் அருகே மெல்ல வளைத்துப் பாருங்கள், கருவியை அதன் பிளாஸ்டிக் உடலில் மட்டும் பிடித்துக்கொண்டு. வளைக்கும்போது விழுந்தால் குற்றவாளி கையில்.

எந்தக் கருவியும் சிக்காவிட்டால் இன்னொன்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். பக்கத்து லைனின் நியூட்ரலோடு இந்த லைனின் நியூட்ரல் ஏதாவது ஒரு பெட்டியில் சேர்ந்திருக்கிறதா? பழைய வீட்டில் இது சகஜம். கசிவுப் பாதுகாப்பும் சேர்ந்த மாடலாக இருந்தால், கலந்த நியூட்ரலில் அது நிம்மதியாக இருக்காது.

---

மூன்றாம்மாடி எழுதியது:

படுக்கை விளக்கின் ஒயர்! கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி நசுங்கியிருக்கிறது. கட்டிலை நகர்த்தும்போதெல்லாம் விழுந்திருக்கிறது. ஒயரைப் பிரித்தால் உள்ளே ஓரிடத்தில் இரண்டு கம்பிகளும் ஒட்டிக் கறுத்துப் போயிருக்கின்றன.

---

கரிப்பாதை எழுதியது:

அதுதான் பேரலல் ஆர்க். விளக்கு அணைந்திருந்தாலும் பிளக் செருகியிருந்தால் வரும். டேப் சுற்றி மறுபடி போட்டுவிடாதீர்கள், ஒயரை முழுசாக மாற்றுங்கள். கரி ஒருமுறை படிந்த இடம் அப்படியே இருக்கும்.

---

மொட்டைமாடி எழுதியது:

கூரையில் சோலார் பேனல் போட்டிருக்கிறோம். இந்த ஏஎஃப்டிடி அந்த ஒயர்களையும் பார்த்துக்கொள்ளுமா?

---

அலைவடிவம் எழுதியது:

பார்த்துக்கொள்ளாது. பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஓடுவது டிசி. அதில் கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. ஏசி ஆர்க் வினாடிக்கு 100 முறை தானாக அணையப் பார்க்கும். டிசி ஆர்க் பற்றினால் பற்றியதுதான், பல நூறு வோல்ட்டில் கனெக்டர் முழுசாக எரியும் வரை நிற்கும். அதனால்தான் அதற்கு வேறு வழிமுறை, வேறு தரவிதி. அமெரிக்க விதித்தொகுப்பு 2011 பதிப்பிலேயே கட்டடங்களில் 80 வோல்ட்டுக்கு மேலான சோலார் டிசிக்கு ஆர்க் பாதுகாப்பு கேட்டது. இப்போது பல இன்வெர்ட்டர்களுக்குள்ளேயே அது இருக்கிறது. உங்கள் இன்வெர்ட்டரின் கையேட்டில் டிசி ஆர்க் என்ற தலைப்பைத் தேடுங்கள், செட்டிங்கில் அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கூரையில் இரண்டு வேறு தயாரிப்பாளர்களின் கனெக்டரை ஒன்றோடொன்று செருகியிருந்தால் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். வெளியே பார்க்கப் பொருந்தியது போல இருக்கும், உள்ளே பிடி சரியாக இருக்காது.

---

புதுஒயரிங் எழுதியது:

எலக்ட்ரீஷியனிடம் இந்த இழையைக் காட்டினேன். தூங்கும் அறைகள் இரண்டுக்கும் ஹாலுக்கும் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். ஒயரிங் முடிந்ததும் மெகர் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பாராம். ஏஎஃப்டிடி மாட்டிய பிறகு மெகர் வைக்கலாமா? அப்புறம் அதன் டெஸ்ட் பட்டனை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அழுத்த வேண்டும்?

---

செம்புக்கம்பி எழுதியது:

மெகர் 500 வோல்ட் டிசி விடும். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் ஏஎஃப்டிடியை லைனிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். பிளக்கில் எந்தக் கருவியும் இருக்கக் கூடாது. குறைந்தது 1 மெகாஓம் என்பது விதி. புது ஒயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வரும். 1-ஐ ஒட்டி வந்தால் விதிப்படி சரி என்று விட்டுவிடாமல், எங்கேயோ ஒயர் உரசியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். மெகர் லூஸ் ஸ்க்ரூவைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள், அதற்கு டார்க் ஸ்க்ரூடிரைவர்தான்.

டெஸ்ட் பட்டன் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பது ஒவ்வொரு தயாரிப்பின் கையேட்டிலும் இருக்கும், அதன்படி செய்யுங்கள். பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் சுற்று ஆர்க் வந்ததாக நினைத்துக்கொண்டு வெட்டும் பொறிமுறையை இயக்கும். சில மாடல்கள் தாங்களாகவே தங்களைச் சோதித்துக்கொள்ளும், கோளாறு இருந்தால் விளக்கில் காட்டும். ஆர்சிடியும் சேர்ந்த மாடலாக இருந்து இரண்டு பட்டன் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அந்தச் சாதனத்தை மாற்றியாக வேண்டும், ரிப்பேர் செய்யப் பார்க்க வேண்டாம்.